ஒரே மூட்டையில் எல்.பி., 78, சி.டி. பெட்டி: எதை முதலில் பார்ப்பது, பட்டியலில் என்ன எழுதுவது?

நாலுகட்டை எழுதியது:

வணக்கம். மேற்கத்திய சாஸ்திரிய இசைத் தொகுப்பு ஒன்று மொத்தமாகக் கைக்கு வந்திருக்கிறது. 32 எல்.பி. (நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓடும் வினைல் தட்டு), 5 அரக்குத் தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று), 80களின் கடைசியில் வந்த ஓபரா சி.டி. பெட்டி 2. எல்.பி.களில் டெக்கா, இ.எம்.ஐ., டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனங்களின் தட்டுதான் அதிகம், ஏழெட்டு மோனோ (ஒற்றைச் சேனல்). பட்டியல் போட்டு உங்களுக்கெல்லாம் காட்ட வேண்டும். அதற்கு முன் சில சந்தேகங்கள்.

1. உறையில் 1965 என்று இருந்தால் தட்டும் 1965இல் அடித்ததுதானா? முதல் அச்சா, பின்னால் வந்ததா என்பதை எங்கே பார்ப்பது? டு ப்ரே வாசித்த எல்கார் செல்லோ கான்செர்ட்டோ (வெளியீட்டு எண் ஏ.எஸ்.டி. 655), கார்லோஸ் கிளைபர் நடத்திய பீத்தோவன் ஐந்தாவது சிம்பொனி (2530 516) இரண்டும் இருக்கின்றன.

2. ஒரு பியானோ தட்டில் முதல் பக்கம் ஒழுங்காகப் பாடுகிறது. இரண்டாம் பக்கத்தில் நீண்ட ஸ்வரமெல்லாம் கமகம் போட்டதுபோல் ஆடுகிறது. பியானோவில் ஏது கமகம்? டர்ன்டேபிள் கோளாறா?

3. லண்டனில் பதிவான இரண்டு மூன்று தட்டுகளில் மெல்லிய இடங்களில் அடியில் ஓர் உறுமல் வந்து வந்து போகிறது.

4. எல்லாத் தட்டையும் ஒரே கரைசலில் கழுவலாமா?

5. சி.டி. பெட்டிக்குள் வைத்திருந்த ஸ்பாஞ்சு பிசுபிசுத்துப் போயிருக்கிறது. ஒரு சி.டி.யின் ஓரம் பித்தளை நிறமாகிவிட்டது. இன்னொன்று பிளேயரில் நன்றாகக் கேட்கிறது, கணினியில் ஏற்றிக் கேட்டால் கீச்சென்று இருக்கிறது.

6. பட்டியலில் என்னென்ன எழுதினால் உங்களுக்கு உபயோகமாக இருக்கும்?


வெற்றுவளையம் எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் நான். மற்றதற்கு ஆட்கள் வருவார்கள்.

உறையை நம்பாதீர்கள். உறை ஓர் இடத்தில் அச்சாகும், தட்டு வேறு இடத்தில் அடிபடும். மிஞ்சிய பழைய உறையில் புதுத் தட்டைப் போட்டு அனுப்புவதும் உண்டு. நடுவில் யாரோ உறை மாற்றிப் போட்டிருக்கவும் கூடும். நம்பத் தகுந்தது தட்டிலேயே இருக்கிறது. கடைசித் தடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே இசை இல்லாத வெற்று வளையம் இருக்கிறதல்லவா, அங்கே பொறித்த எண்களைப் படியுங்கள். மேலிருந்து வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. அறையை இருட்டாக்கி, கைப்பேசி விளக்கைத் தட்டோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்துச் சுற்றிக்கொண்டே வாருங்கள், எழுத்து எழும்பி நிற்கும்.

என்ன பார்க்கிறோம் என்று புரிய, தட்டு எப்படிப் பிறக்கிறது என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். டேப்பிலிருந்து லாக்கரில் (மெருகுப் பூச்சுப் போட்ட மூலத் தட்டு) தடம் வெட்டுவார்கள். அதிலிருந்து எடுக்கும் உலோகப் பிரதி தந்தை, தந்தையிலிருந்து தாய், தாயிலிருந்து ஸ்டாம்பர். ஸ்டாம்பர்தான் தட்டை அடிக்கும் அச்சு. ஓர் அச்சு சில நூறு தட்டு, மிஞ்சிப் போனால் ஓராயிரம் தாங்கும். அப்புறம் தாயிலிருந்து புது அச்சு.

பழைய இ.எம்.ஐ. தட்டில் லேபிளுக்குக் கீழே, கடிகாரத்தின் 6 மணிப் பக்கம் மேட்ரிக்ஸ் எண் (அந்தப் பக்கத்தின் அடையாள எண்) இருக்கும். அதன் வாலில் கோடு போட்டு வரும் 1, 2, 3 என்பது எத்தனையாவது லாக்கர் வெட்டு என்று சொல்கிறது. 9 மணிப் பக்கம் இருப்பது தாயின் எண். 3 மணிப் பக்கம் ஆங்கில எழுத்துகள் இருக்கும். அதுதான் ஸ்டாம்பர் எண், எழுத்தில் மறைத்தது. சாவி "கிராமஃப்எல்டிடி" என்கிற பத்தெழுத்துச் சொல்: ஜி 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, ஹெச் 7, எல் 8, டி (டீக்கடை டி) 9, கடைசி டி (டெல்லி டி) 0. உங்கள் எல்காரில் 9 மணியில் 2, 3 மணியில் ஜி, ஓ என்று இருந்தால், இரண்டாம் தாயிலிருந்து எடுத்த 15ஆவது அச்சு.

டெக்காவுக்கும் இதே மாதிரி ஒரு பத்தெழுத்து உண்டு. பக்கிங்ஹாம் என்ற ஊர்ப்பெயர்: பி 1, யு 2, சி 3, கே 4, ஐ 5, என் 6, ஜி 7, ஹெச் 8, ஏ 9, எம் 0. யு, கே என்று இருந்தால் 24. நாட்டுப் பெயரென்று நினைத்துவிட வேண்டாம். டெக்கா மேட்ரிக்ஸின் கடைசி எழுத்து வெட்டிய பொறியாளரைக் குறிக்கும். டபிள்யூ என்றால் ஹாரி ஃபிஷர், இ என்றால் ஸ்டான் குட்ஆல். ஆக 2டபிள்யூ என்றால் ஃபிஷர் வெட்டிய இரண்டாவது லாக்கர்.

இதில் ஒரு மயக்கம் எல்லோருக்கும் வரும். ஸ்டாம்பர் எண் சின்னதாக இருந்தால் ஒலி உசத்தி என்று அர்த்தம் இல்லை. 3ஆவது அச்சு தேய்ந்துபோன நிலையில் கடைசியாக அடித்த தட்டை விட, 40ஆவது அச்சு புதிதாக மாட்டியபோது முதலில் அடித்த தட்டு சுத்தமாக இருக்கலாம். ஒலியை நிஜமாக மாற்றுவது லாக்கர் வெட்டு. அந்த எண் மாறினால் வேறொரு நாள், வேறு கருவியில், சில சமயம் வேறு கையால் வெட்டியிருக்கிறார்கள். அதனால் பட்டியலில் ஸ்டாம்பர் எழுத்தை விட்டாலும் பரவாயில்லை, மேட்ரிக்ஸ் வாலை விடாதீர்கள்.

லேபிள் பார்த்துக் காலம் சொல்வது மேலோட்டமான வழி, ஆனால் வேகமான வழி. டெக்கா எஸ்.எக்ஸ்.எல். வரிசையில் அகலமான வெள்ளிப் பட்டை 1970 வாக்கு வரை. அதற்குப் பின் குறுகிய பட்டை. அகலப் பட்டையிலேயே முந்தியதில் லேபிள் விளிம்பு வாசகம் "ஒரிஜினல் ரெக்கார்டிங் பை" என்று தொடங்கும், பிந்தியதில் "மேட் இன் இங்கிலண்ட் பை" என்று. டாய்ச்ச கிராமஃபோனில் மஞ்சள் லேபிளைச் சுற்றி டூலிப் பூ வளையம் இருந்தால் 1970 வாக்குக்கு முந்தியது. நீலக் கோடு வளையம் அதற்குப் பின். கிளைபரின் ஐந்தாவது 1974இல் பதிவாகி 1975இல் வெளியானது. அதில் டூலிப் இல்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை, இருக்கவே முடியாது. விற்கிறவர் "முதல் டூலிப் அச்சு" என்று சொல்லிக் கொடுத்திருந்தால் மற்ற தட்டுகளைப் பற்றி அவர் சொன்னதையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.

இன்னொன்று. வட்டத்துக்குள் "பி" இருந்தால் அந்த ஆண்டு ஒலிப்பதிவு வெளியானது. வட்டத்துக்குள் "சி" என்பது உறை, எழுத்து, படத்துக்கானது. மறுபதிப்பில் சி ஆண்டு ஏறிக்கொண்டே போகும், பி நகராது. இரண்டுமே பதிவான நாள் ஆகாது.

மோனோவில் ஒரு பொறி: 60களில் பழைய மோனோ டேப்புகளை மின்சுற்றில் இழுத்துப் பிரித்து "ஸ்டீரியோ" என்று விற்றார்கள். ஒரு பக்கம் கட்டை, மறு பக்கம் கீச்சு, நடுவில் புகை மூட்டம். இசைக்குழு நடத்துநர் ஃபுர்ட்வெங்லர் 1954இல் மறைந்தவர், ஸ்டீரியோ எல்.பி. கடைக்கு வந்தது 1957-58இல். அவர் நடத்திய சிம்பொனி உறையில் ஸ்டீரியோ என்று போட்டிருந்தால் என்ன பண்ணியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். அதே பதிவின் மோனோ அச்சு கிடைத்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.


33ம்மூன்றிலொன்றும் எழுதியது:

2, 3, 4 எனக்கு.

பியானோ ஆட்டம் டர்ன்டேபிள் கோளாறு இல்லைங்க. முதல் பக்கம் சரியா இருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க. சுழற்சி வேகம் தப்புன்னா ரெண்டு பக்கமும் ஆடும். இது துளை மையம் தப்பினது. தட்டுக்கு ஒரே துளைதான், ஆனா ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி அச்சு. ஒரு அச்சு மையமா உக்காந்து இன்னொன்னு அரை மில்லிமீட்டர் தள்ளி உக்காந்தா இப்படித்தான் ஆகும்.

பாக்கறது சுலபம். தட்டு ஓடும்போது ஊசி முனையைப் பக்கவாட்டில உத்துப் பாருங்க. கை (டோன்ஆர்ம்) இடமும் வலமுமா ஊசலாடினா மையக் கோளாறு. மேலும் கீழுமா ஏறி இறங்கினா தட்டு வளைஞ்சிருக்கு. ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி, ஆட்டமும் அதே கணக்குல வரும். எவ்வளவு மோசம்னு கணக்கும் போடலாம்: துளை தள்ளின தூரத்தைத் தடத்தோட ஆரத்தால வகுங்க. 0.5 மி.மீ. தள்ளி, உள் தடம் 60 மி.மீ. ஆரம்னா 0.83 சதவீதம். அரை ஸ்வரம் ஏறக்குறைய 6 சதவீதம், அதுல ஏழுல ஒரு பங்கு மேலயும் ஏழுல ஒரு பங்கு கீழயும் போயிட்டு வருது. வயலின்ல வைப்ராட்டோவோட கலந்துடும், கண்டுபிடிக்க மாட்டீங்க. பியானோ, ஓபோ ரெண்டுலயும் உடனே பல் கூசும். பக்கத்தோட தொடக்கத்துல ஆரம் 146 மி.மீ., அங்க ஆட்டம் பாதிக்கும் கம்மி. அதனால கடைசில கேட்டுப் பாத்துத்தான் வாங்கணும்.

துளையை அரம் போட்டுப் பெரிசாக்கி நகர்த்தி வைக்கிறவங்க இருக்காங்க. நான் சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் சரியாகும், ஒவ்வொரு தடவையும் கண்ணால மையம் பிடிக்கணும், நல்லா இருந்த முதல் பக்கத்துக்கும் அதே வேலை வந்து சேரும்.

அடுத்து உறுமல். லண்டன்ல கிங்ஸ்வே ஹால்னு ஒரு அரங்கம். டெக்காவும் இ.எம்.ஐ.யும் அங்க நூத்துக்கணக்கில பதிவு பண்ணாங்க. ஒலி அவ்வளவு அருமை. அடியில பாதாள ரயில் ஓடினது. அந்தச் சத்தம் பல பதிவுகள்ல அப்படியே இருக்கு. உங்க மெஷினா, ரயிலான்னு தெரிஞ்சுக்க ரெண்டு சோதனை. ஊசியைத் தொடக்க வெற்றுத் தடத்துல வைங்க. அங்கயே உறுமினா, விடாம உறுமினா, டர்ன்டேபிள் பேரிங்கோ மோட்டாரோ. தொடக்கத்துல அமைதி, அப்புறம் இசைக்கு நடுவுல எழும்பி பத்து இருபது வினாடியில அடங்கினா ரயில். சந்தேகமிருந்தா அதே பதிவோட சி.டி.யில அதே இடத்தைக் கேளுங்க. அங்கயும் இருந்தா மெஷினைத் திட்டாதீங்க. இதுக்குன்னு ரம்பிள் ஃபில்டர் போட்டா ரயிலோட சேர்ந்து டபுள் பாஸும் போயிடும்.

கழுவறது. ஒரே கரைசல் கூடவே கூடாது. அரக்குத் தட்டை ஆல்கஹால் கரைச்சிடும். ஒரு துளி பட்டாலும் அந்த இடம் மங்கிப் போய் நிரந்தர இரைச்சல். 78க்கு காய்ச்சி வடிகட்டின தண்ணி, ரெண்டு சொட்டு மென்மையான சோப்பு, அவ்வளவுதான். விளிம்பு உடைஞ்சிருந்தா அங்க தண்ணி படாம துணியை நனைச்சுப் பிழிஞ்சு துடைங்க. சில தட்டுகள் உள்ள வேற பொருள் வச்சு அடுக்கினது, தண்ணி இறங்கினா உப்பும்.

வினைலுக்கு: காய்ச்சி வடிகட்டின தண்ணி 750 மி.லி., ஐசோப்ரோபைல் ஆல்கஹால் 250 மி.லி., ஃபிலிம் கழுவறதுக்கு விக்கிற ஈரமூட்டி 5 சொட்டு. தண்ணி மட்டும் இருந்தா தடத்துக்குள்ள இறங்காம முத்து முத்தா நிக்கும், ஈரமூட்டி அதுக்குத்தான். அஞ்சு சொட்டுன்னா அஞ்சு சொட்டு. தாராளமா ஊத்தினா காஞ்ச பிறகு படலமாப் படிஞ்சு, ஊசி முனையில பஞ்சு மாதிரி ஒட்டிக்கிட்டு வரும். குழாய்த் தண்ணி வேண்டாம், அதுல இருக்கற உப்பு தடத்தில தங்கும்.

லேபிளுக்கு ஒரு விரற்கடை முன்னாடியே நிறுத்துங்க. தடத்தோட போக்குலயே மென்மயிர்ப் பிரஷ்ஷால அஞ்சாறு சுத்து, ஒரு நிமிஷத்துக்கு மேல ஊற விடாதீங்க. அப்புறம் வெறும் காய்ச்சி வடிகட்டின தண்ணியில ரெண்டு தடவை அலசணும். இந்த அலசலைத்தான் பாதிப் பேர் விட்டுடறாங்க; கரைஞ்ச அழுக்கு மறுபடி அங்கயே காஞ்சு, "கழுவினதுக்கு அப்புறம் சத்தம் அதிகமாயிடுச்சு"ன்னு புகார். உறிஞ்சற மெஷின் இல்லன்னா பஞ்சு உதிராத துணியால ஒத்தி, நிமித்தி வச்சு முழுசா காய விடுங்க. பழைய காகித உள்ளுறைக்குள்ள திருப்பிப் போடாதீங்க, பட்ட பாடெல்லாம் வீண். பாலிஎத்திலீன் உள்ளுறை போடுங்க. வெளியில பி.வி.சி. உறை இருந்தா கழட்டிடுங்க. அதிலிருந்து வர்ற ஆவி வருஷக் கணக்கில வினைல் மேல பால் மாதிரி மங்கலாப் படியும், அது கழுவினாலும் போறதில்ல.

கழுவின பிறகுதான் தரம் எழுதணும். மெல்லிய இடத்தில டிக் டிக்னு வந்தது கழுவினதும் குறைஞ்சா அழுக்கு. பலத்த இடத்தில மட்டும், பித்தளை வாத்தியமோ சொப்ரானோவோ உச்சத்தில கரகரத்தா தேய்மானம். அதுக்கு மருந்து இல்ல. கண்ணுக்குப் பளபளன்னு இருக்கற தட்டு தேஞ்சிருக்கும். கீறல் தெரியற தட்டு அமைதியாப் பாடும். ஒவ்வொரு பக்கத்திலயும் கடைசி அஞ்சு நிமிஷத்தைக் கேளுங்க. வெளி விளிம்பில ஊசிக்கு அடியில தடம் வினாடிக்கு 51 செ.மீ. ஓடுது, உள்ளே வரும்போது 21 செ.மீ.தான். சிம்பொனிக்காரங்க பல பேர் உச்சத்தைக் கடைசியில வச்சாங்க. தட்டுல இடம் குறுகற இடமும் அதேதான். தேய்மானம் இருந்தா அங்கதான் முதல்ல காட்டிக் குடுக்கும்.

மோனோ எல்.பி.க்கு ஆம்ப்ளிஃபையர்ல மோனோ பட்டன் இருந்தா அழுத்துங்க. மோனோ தடம் பக்கவாட்டில மட்டும் அசையும். மேல் கீழ் அசைவா ஸ்டீரியோ ஊசி பிடிக்கிறது எல்லாம் வெறும் தூசி, இரைச்சல். ரெண்டு சேனலையும் கூட்டினா அது அடிபட்டுப் போயிடும். காசில்லாத வைத்தியம். மறுதலையா, பழைய மோனோ கார்ட்ரிட்ஜை ஸ்டீரியோ தட்டுல வைக்காதீங்க. அதுக்கு மேல் கீழ் நெகிழ்வு கிடையாது, தடத்தை உழுதுடும்.

78க்கு தனி ஊசி வேணும், முனை ஆரம் 65லேர்ந்து 75 மைக்ரான் வரைக்கும். ஸ்டீரியோ ஊசி 18 மைக்ரான். அகலத் தடத்தில அடி வரைக்கும் போய்க் குப்பையைக் கிளறிக்கிட்டு ஓடும்.


பிட்கணக்கு எழுதியது:

சி.டி. பக்கம். வரிசையாகச் செய்ய நேரமில்லையென்றால் பித்தளை நிறம் வந்த தட்டை இன்றைக்கே எடுங்கள், மற்றது காத்திருக்கும்.

1988க்கும் 1993க்கும் நடுவே இங்கிலாந்தில் ஓர் ஆலையில் அடித்த சி.டி.களுக்கு வந்த வியாதி இது. அங்கே பிரதிபலிக்கும் படலத்துக்கு அலுமினியத்துக்குப் பதில் வெள்ளி பூசினார்கள். மேலே தடவிய லாக்கர் (காப்புப் பூச்சு) உறைக் காகிதத்தில் இருந்த கந்தகத்தைத் தடுக்கவில்லை. வெள்ளிப் பாத்திரம் கறுப்பதும் இதுவும் ஒரே வேதியியல். ஓரத்தில் தொடங்கி உள்ளே பரவும். சி.டி. உள்ளிருந்து வெளியே படிக்கப்படும் சாதனம், ஆக ஓரம் என்பது கடைசி ட்ராக். அங்கத்தின் இறுதிக் காட்சிதான் முதலில் போகும். முதல் ட்ராக் நன்றாக ஓடுகிறதே என்று ஏமாற வேண்டாம். ஏற்றும்போது கடைசி ட்ராக்கிலிருந்து பின்னோக்கி ஏற்றுங்கள். துடைத்தாலோ மெருகேற்றினாலோ இது திரும்பாது.

ஸ்பாஞ்சை எல்லாப் பெட்டியிலிருந்தும் எடுத்து வெளியே போடுங்கள், இன்னும் பிசுபிசுக்காத பெட்டியிலிருந்தும். அது பாலியூரித்தேன், காலப்போக்கில் தானாகவே சிதைந்து ஒட்டும். ஒட்டியது லேபிள் பக்கம் என்றால் நகத்தால் சுரண்டவே கூடாது. எல்லோரும் கீழ்ப்பக்கத்துக்குப் பயப்படுகிறார்கள். அங்கே 1.2 மி.மீ. பாலிகார்பனேட் காவல் இருக்கிறது. லேபிள் பக்கம் உலோகப் படலத்துக்கு மேல் மெல்லிய லாக்கரும் மையும் மட்டுமே. வெதுவெதுப்பான தண்ணீர், சில சொட்டு பாத்திரச் சோப்பு, பத்து நிமிடம், பிறகு விரல் நுனியால் தடவிப் பாருங்கள். மை கிளம்பினால் நிறுத்திவிடுங்கள்; ஒட்டியது ஒட்டியபடியே இருக்கட்டும், தகவலை எடுத்துக்கொண்டால் போதும்.

கீச்சென்று கேட்பது அநேகமாக ப்ரீ-எம்ஃபசிஸ். ஆரம்பகால சி.டி.கள் சிலவற்றில் மேல் அதிர்வெண்களை வேண்டுமென்றே ஏற்றிப் பதிந்து, பிளேயர் திரும்ப இறக்கும்படி ஒரு கொடி வைத்தார்கள். ஏற்றம் 10 கிலோஹெர்ட்ஸில் 7.6 டெசிபெல், 20இல் 9.5. உங்கள் பிளேயர் கொடியைப் பார்த்து இறக்கியது, கணினி பார்க்கவில்லை. சி.டி.யைக் கணினியில் ஏற்றும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி நிரலில், ட்ராக் பட்டியலில் ப்ரீ-எம்ஃபசிஸ் என்று தனிப் பத்தி இருக்கிறது. அதில் "இல்லை" என்று வந்தாலும் முடிவுகட்டாதீர்கள்: சில தட்டில் கொடி உள்ளடக்கப் பட்டியலில் இல்லாமல் சப்கோடில் (இசையோடு கூடவே ஓடும் துணைத் தகவல்) மட்டும் இருக்கும். காதுக்குத் தெரிந்தால் சாக்ஸ் நிரலின் டீஎம்ஃப் வடிகட்டியில் ஓட்டுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு, இறக்கியதைத் தனிக் கோப்பாக எழுதுங்கள். ஈக்வலைசரில் கைக்கணக்காகத் திருத்தினால் வளைவு பொருந்தாது.

ஏற்றுவதில்: பாதுகாப்பு முறையில் படித்து, அக்யூரேட்ரிப்போடு (மற்றவர்கள் ஏற்றிய முடிவுகளின் தரவுத்தளம்) ஒப்பிட்டு, ஃப்ளாக்கில் (இழப்பில்லாமல் சுருக்கும் கோப்பு வகை) வையுங்கள். அரிய ஓபரா பெட்டிகள் அந்தத் தரவுத்தளத்தில் இல்லாமல் போவதுண்டு. அப்போது இரண்டு தடவை படித்து இரண்டின் சி.ஆர்.சி. எண்ணும் (சரிபார்ப்பு எண்) ஒத்தால் ஏற்றுக்கொள்ளலாம். ஃப்ளாக்கில் 0 முதல் 8 வரை எந்த நிலை வைத்தாலும் இசை ஒன்றே, கோப்பின் அளவும் நேரமும்தான் மாறும். இதைப் பற்றி இனி யாரும் சண்டை போட வேண்டாம்.

இடைவெளி விடாமல் ஓடுகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். பீத்தோவன் ஐந்தாவதில் மூன்றாம் மூவ்மென்ட் நிற்காமல் நான்காவதுக்குள் போகும். மெண்டல்சோன் வயலின் கான்செர்ட்டோவில் மூன்றும் சேர்ந்தே ஓடும். அந்த இணைப்பில் அரை வினாடி அமைதி விழுந்தால் உங்கள் பிளேயர் அமைப்பு தப்பு.


நாலுகட்டை எழுதியது:

மூவருக்கும் நன்றி. கிளைபர் தட்டு நீலக் கோடுதான். பியானோ தட்டில் கை பக்கவாட்டில்தான் ஆடுகிறது. கீச்சு சி.டி.யில் ப்ரீ-எம்ஃபசிஸ் பத்தியில் "ஆம்" என்று வந்தது, சாக்ஸில் ஓட்டியதும் பிளேயர் ஒலியோடு பொருந்துகிறது. பித்தளைத் தட்டில் கடைசி இரண்டு ட்ராக்கில் பிழை வருகிறது, மற்றதெல்லாம் வந்துவிட்டது.

எல்.பி.களையும் கணினிக்கு ஏற்ற நினைக்கிறேன். அதற்கு அளவு என்ன? ஆறாவது கேள்வி அப்படியே நிற்கிறது. டுவோர்ஷாக் "புதிய உலகு" இரண்டு தட்டு இருக்கிறது, ஒன்றில் 5ஆம் சிம்பொனி, மற்றதில் 9ஆம் சிம்பொனி என்று போட்டிருக்கிறது. எதை எழுதுவது?


பிட்கணக்கு எழுதியது:

அந்தக் கடைசி இரண்டு ட்ராக்கை வேறொரு டிரைவில் முயலுங்கள். டிரைவுக்கு டிரைவு பிழை திருத்தும் திறன் வேறு. பழைய டிரைவ் ஒன்று படித்துவிடக்கூடும். படிக்கும் வேகத்தையும் குறையுங்கள்.

எல்.பி.க்கு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் அளவு வையுங்கள். முதலில் அந்தப் பக்கத்தின் மிகப் பலத்த இடத்தை ஓட்டிப் பார்த்து வைத்தால் பாதியில் நிறுத்த வேண்டியிராது. நிமிடத்துக்கு 35 எம்.பி. பிடிக்கும், 25 நிமிடப் பக்கம் 860 எம்.பி. சொச்சம். பக்கத்துக்கு ஒரே கோப்பாகப் பதிந்து அப்புறம் வெட்டுங்கள். க்ளிக் நீக்கியை முழுக் கோப்பின் மேல் ஓட்டாதீர்கள். ஹார்ப்சிகார்டின் மீட்டலையும் தாளக் கருவியின் முதல் அடியையும் அது க்ளிக் என்று நினைத்து மழுக்கும். உறுத்தும் க்ளிக்கை ஒவ்வொன்றாகக் கையால் எடுங்கள்.


வெற்றுவளையம் எழுதியது:

இரண்டும் ஒரே சிம்பொனி. டுவோர்ஷாக்கின் முதல் நான்கு சிம்பொனிகளை விட்டுவிட்டு, அச்சான வரிசையில் எண் போட்ட காலத்தில் அது 5. எழுதிய வரிசைக்கு மாற்றியபின் 9. இன்றைய 8ஆவது அந்தக் காலத்து உறையில் 4. அதனால் ஓபஸ் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள், புதிய உலகு ஓபஸ் 95, எட்டாவது ஓபஸ் 88. சிலருக்கு ஓபஸுக்குப் பதில் படைப்பு அட்டவணை எண்: பாகுக்கு பி.டபிள்யூ.வி., மொட்சார்ட்டுக்கு கே., ஷூபர்ட்டுக்கு டி., ஹைடனுக்கு ஹோப். ஷூபர்ட்டின் பெரிய சி மேஜர் சிம்பொனி 7, 8, 9 என்று மூன்று எண்ணிலும் வந்திருக்கிறது, டி. 944 என்றால் தகராறு இல்லை.

பதிவு ஆண்டு இல்லாத பட்டியலைப் படித்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. பியானோ கலைஞர் கூல்டின் தட்டை "கூல்ட், கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்" என்று மட்டும் போட்டால் 1955 பதிவா, 1981 பதிவா? முன்னது 38 நிமிடம், பின்னது 51 நிமிடம். மனிதர் ஒருவர், வாசிப்பு இரண்டு. நடத்துநர் கரயானுக்கு "கரயான், பீத்தோவன் 5" என்பது இன்னும் மோசம். ஒன்பது சிம்பொனியையும் 50களில் ஃபில்ஹார்மோனியாவோடு ஒரு தடவை, பெர்லினோடு 1961-62, 1975-77, 1982-84 என்று மூன்று தடவை முழுத் தொகுப்பாகப் பதிந்திருக்கிறார். இசைக்குழுவையும் ஆண்டையும் எழுதினால்தான் எதைச் சொல்கிறீர்கள் என்று தெரியும்.

உங்கள் எல்காரை நான் இப்படி எழுதுவேன்:

எல்கார், செல்லோ கான்செர்ட்டோ, ஓபஸ் 85. டு ப்ரே, பார்பிரோலி, லண்டன் சிம்பொனி. பதிவு 1965, கிங்ஸ்வே ஹால். இ.எம்.ஐ. ஏ.எஸ்.டி. 655, ஸ்டீரியோ எல்.பி. லேபிள் வகை. இரு பக்க மேட்ரிக்ஸ் வால், தாய் எண், ஸ்டாம்பர் எழுத்து. தட்டுத் தரம் இரு பக்கத்துக்கும் தனித்தனியாக, உறைத் தரம் தனியாக. கழுவியபின் கேட்டது, எந்த ஊசியில் என்று ஒரு சொல். குறை இருந்தால் பக்கம், நிமிடம், தன்மை: "பக்கம் 2, 11ஆம் நிமிடம், மூன்று சுற்றுக்கு டிக், தாண்டவில்லை".

கடைசி வரிதான் அதிகம் பயன்படுவது. "சற்று இரைச்சல்" என்றால் ஆளுக்கு ஓர் அர்த்தம். அதே மேட்ரிக்ஸ் வைத்திருக்கும் இன்னொருவர் தன் தட்டில் அதே நிமிடத்தில் அதே டிக் இருக்கிறது என்றால் அது அச்சிலேயே இருக்கும் குறை, வேறு பிரதி தேடும்போது வேறு ஸ்டாம்பர் தேட வேண்டும். இல்லையென்றால் உங்கள் தட்டில் மட்டும் விழுந்த கீறல்.

தரத்தில் கறாராக இருங்கள். மற்ற இசைக்கு நடுத்தரத் தட்டு ஓடும். ஒற்றை செல்லோ மெல்லப் பேசும் இடத்தில் ஒவ்வொரு பொறியும் காதில் விழும்.


33ம்மூன்றிலொன்றும் எழுதியது:

படம் போடறதா இருந்தா உறைப் படம் ஒண்ணு போதும். லேபிள் ரெண்டு பக்கமும், வெற்று வளையம் சாய்வெளிச்சத்தில ரெண்டு பக்கமும் எடுத்துப் போடுங்க. ஃப்ளாஷ் போட்டா பொறிப்பு மறைஞ்சிடும், மேல இருக்கற மாதிரி பக்கவாட்டு விளக்குதான்.

78 அஞ்சுக்கும் லேபிள்ல இருக்கற எண்ணோட வெற்று வளையத்து எண்ணையும் எழுதுங்க. 78ல ஒவ்வொரு பக்கமும் தனிப் பதிவு. சில சமயம் அதே பக்கத்தை ரெண்டாவது மூணாவது தடவை வாசிச்சதை வெளியிட்டிருப்பாங்க, எத்தனாவது தடவைங்கறது அங்கதான் இருக்கும். வேகத்தையும் 78ன்னு கண்ணை மூடிட்டு வச்சிடாதீங்க. 1925க்கு முன்னாடி, மைக் இல்லாம குழல்ல பதிஞ்ச தட்டுகள் எழுபதுக்கும் எண்பதுக்கும் மேலயும் கீழயும் ஓடும். பியானோ துணை இருக்கற பக்கத்தை எடுத்து, எந்த சுருதியில எழுதின பாட்டுன்னு பாத்து, அதுக்குப் பொருந்தற வரைக்கும் வேகத்தைத் திருகுங்க. அரை ஸ்வரம் தப்பினா பாடகர் குரலே வேற ஆளா கேக்கும்.

பியானோ தட்டை என்ன பண்ணப் போறீங்க? மேட்ரிக்ஸ் வால் போடுங்க, என்கிட்ட அதே தட்டு இருக்கான்னு பாக்கறேன்.